சகலனின் மூக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் நோன்பு மாதம் கொளுத்தும் வெயிலில், சிறுபோக அறுவடையோடு சேர்ந்து வந்தது. பகலெல்லாம் நாவிதன்வெளி வயலில் நெல் தூற்றும் தூசுக்குள் நின்றுவிட்டு வந்தால், என் மூக்கு மண் பூசி அடைத்த மாதிரி இருக்கும். பின்னேரத்து அசர் தொழுகைக்கு முன் கை, முகம் கழுவி வுழூச் செய்யக் கிணற்றடியில் மூக்குக்குத் தண்ணீர் விட்டுச் சீறினேன் என்றால் மாமியின் கோழிகள் வேலிக்கு மேலால் பறக்கும்.

இதில் ஒரு குறையும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மனைவியின் தங்கைக்குக் கல்யாணமாகி, அந்தப் புது மாப்பிள்ளையும் எங்கள் ஊர் வழக்கப்படி மாமி வீட்டுக்கே குடிவந்த பிறகுதான் வினை தொடங்கியது.

என் சகலன் கையில் கொஞ்சம் தண்ணீர் அள்ளி மூக்கு நுனியில் வைப்பான். இடக்கை விரலால் ஒரு துவாரத்தைப் பொத்தி மற்றதை மெல்லச் சிந்துவான். பிறகு மற்றப் பக்கம். சத்தமே வராது.

"சின்ன மருமகன் மூக்குக் கழுவுறதே ஒரு அழகுகா" என்றார் மாமி, என் மனைவியிடம். "பெரியவர் கழுவினா உழவு மெசின் ஸ்டார்ட் எடுக்கிற மாதிரி."

மாமி சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். மனைவி சிரித்ததைத் தாங்க முடியவில்லை. காணி, சைக்கிள், தலைமயிர் என்று பொறாமைப்பட எவ்வளவோ இருக்க, இன்னொருத்தன் மூக்கைப் பார்த்து வயிறெரிந்தவன் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த நாள் மாமி குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். சகலன் வாளியோடு பக்கத்தில் நின்றான். சத்தமில்லாமலும் செய்ய வேண்டும், அவனை விட ஆழமாகவும் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன். கை நிறைய அள்ளி, தலையை அண்ணாந்து, ஒரே இழுவையாக இழுத்தேன்.

நெற்றிக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. கண் இருண்டது, வலது காது அடைத்தது, தண்ணீர் தொண்டைக்குள் 'கொடக்' என்று இறங்கியது. மூளை நனைந்துவிட்டது, உயிர் போகப்போகிறது, மௌத்துத்தான் என்று கலிமாச் சொல்லத் தொடங்கினேன். பாதியில்தான் அதைவிடப் பெரிய பயம் வந்தது. நோன்பு!

என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சகலன் ஓடி வந்து முதுகைத் தடவினான். "காக்கா, நோம்போட உள்ளுக்கு உறிஞ்சப்படாது. நுனி நனைஞ்சாக் காணும். ரெண்டு பக்கத்தையும் பொத்திக்கிட்டுச் சிந்தாதீங்க, காது இன்னும் அடைக்கும். தண்ணி தொண்டைக்குப் போயிட்டா?"

"சேச்சே" என்றேன்.

பள்ளிவாசலில் மௌலவியைத் தனியாகப் பிடித்தேன். "ஹஸரத், எனக்கில்ல, ஒரு கூட்டாளிக்கு..." என்று கதையைச் சொன்னேன்.

"நோம்பெண்டு தெரிஞ்சும் அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினவரா?"

"ஓம். கொஞ்சம் மும்முரமா."

"அப்ப நோம்பு முறிஞ்சி போச்சி. மஃரிபு வரைக்கும் திங்காமக் குடிக்காம இருந்திட்டு, பெருநாளுக்குப் பொறகு அதுக்குப் பதிலா ஒரு நோம்பு பிடிச்சிக் களாச் செய்யச் சொல்லுங்க." சற்று நிறுத்திச் சொன்னார்: "உங்கட கூட்டாளிட காதைக் குடையாதீங்க. தானாத் திறக்கும்."

நான் விரலை வெளியே எடுத்தேன்.

பெருநாள் முடிந்த மறுநாளே, விடுபட்ட அந்த ஒரு நோன்பை யாருக்கும் சொல்லாமல் பிடித்தேன். காலைத் தேத்தண்ணியை வேண்டாம் என்றதும் மாமியின் முகம் மலர்ந்தது. பெருநாளுக்குப் பின் நன்மை நாடி ஆறு நோன்பு பிடிப்பார்கள். சகலனும் அன்றுதான் அதைத் தொடங்கியிருந்தான்.

"இஞ்ச பாருகா, பெரிய மருமகனும் ஆறு நோம்பு பிடிக்கார்!"

மனைவி எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் களாவாவது மண்ணாவது! "ஓம் மாமி" என்றது வாய்.

பிறகென்ன, முழு ஆறையும் பிடித்தேன். என் முதல் நாள் களாவுக்குப் போய்விட்டதால், சகலன் முடித்த பிறகும் எனக்கு ஒன்று பாக்கி நின்றது. அதைப் பிடித்த ஏழாம் நாள் பகல் அவன் சோற்றில் மீனாணத்தைப் பிசைந்து தின்றான். உறைப்பில் வடிந்த மூக்கை லேஞ்சியால் ஒற்றி எடுத்தான், சத்தமே இல்லாமல்.

"காக்கா ஏன் இண்டைக்கும் நோம்பு? நேற்றோட முடிஞ்சிதே?"

"எனக்கு ஆறு மட்டும் காணாது தம்பி" என்றேன்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் மாமி.