லாடம் வைத்த சப்பாத்து

வாரத்தில் ஆறு நாள் என் கால்கள் எனக்குச் சொந்தமில்லை. ரவாங் தொழிற்சாலையில் இரும்பு முனை வைத்த பாதுகாப்புச் சப்பாத்துக்குள் பன்னிரண்டு மணி நேரம் வெந்து கிடக்கும். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே ஆடம்பரம் பழைய பாணிச் சப்பாத்துகள்தான்.

பழைய துணிமணி குவிந்து கிடக்கும் பண்டல் கடையில் அந்த ஜோடி கிடைத்தது. வெள்ளையும் காப்பி நிறமும் கலந்த தோல், முனையில் பொடிப்பொடித் துளைகள், குதியில் இரும்பு லாடம். யாரோ ஒரு வெள்ளைக்காரர் போட்டுக் கழித்ததாக இருக்கும். மூன்று ஞாயிறு உட்கார்ந்து மெழுகு தேய்த்தேன். இந்த மாதிரிச் சப்பாத்துக்குக் கால்சட்டை கணுக்காலோடு நிற்க வேண்டும், காலுறை கண்ணைப் பறிக்கக் கூடாது. என்னிடமிருந்த ஒரே நல்ல கால்சட்டையை வெட்டித் தைத்தேன்.

"போதும்லா தேச்சது. பொண்ணா பாக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. வேலைக் களைப்பில் எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அப்பா பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலத்தைக் கழித்தவர். அப்போதுதான் கண்புரை எடுத்திருந்தார். மகன் மிடுக்காக நடந்து வருவதை ஒரு தடவையாவது பார்க்கட்டுமே என்று நினைத்தேன்.

கோலசிலாங்கூரில் அக்கா வீட்டில் இருந்தார். வாசல் சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கண்மூடிக் கிடந்தார். காரை விட்டு இறங்கி நடந்தேன். டக், டக். நாலாவது அடியில் அப்பா எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு அக்குளுக்குப் போய்விட்டது. தலை குனிந்திருந்தது, கண் இன்னும் மூடியே இருந்தது.

"வந்துட்டேங்க ஐயா," என்றார்.

"அப்பா, நான்தான்."

கண்ணைத் திறந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, சப்பாத்தைத்தான் பார்த்தார். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட வரும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அந்தக் கிராணி, இப்படி ஒரு ஜோடிதான் போட்டிருந்தாராம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக் கோடியில் அந்த லாடச் சத்தம் கேட்டாலே எல்லோரும் எழுந்து நிற்பார்களாம், அப்பா சொன்னார்.

"நல்லாதான் இருக்கு," என்றார்.

"ஒக்காருங்கப்பா."

"பரவால்ல. நிக்கிறேன்."

எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன கிராணி மேலா, மூன்று ஞாயிறு மெழுகு தேய்த்த என் மேலா, தெரியவில்லை. இன்னும் இரண்டு தடவை சொன்னேன். உட்காரவில்லை. குனிந்து கயிற்றை அவிழ்த்துச் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையையும் கழற்றினேன். நான் வெறுங்காலோடு அந்தச் சூட்டுத் தரையில் நின்ற பிறகுதான், அப்பா நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.