நாலு நாளும் ஐந்து டிகிரி

எங்கள் டாக்டரின் கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்கு ‘ஐஸ் அக்கா’ என்று பெயர் வைத்தவள் நான்தான். பத்தொன்பது வருடமாகத் தடுப்பூசி ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டு அழுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. காலையும் மாலையும் உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து, கதவில் ஒட்டிய தாளில் எழுதுவாள். யாராவது தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்தால் தொலைந்தார்கள். டாக்டரே ஒருமுறை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கிளினிக்கின் தரத்தையும் பாதுகாப்பையும் சோதிக்கும் அதிகாரிகள் வியாழக்கிழமை வருகிறார்கள் என்று கடிதம் வந்ததும் எல்லோரும் துடைப்பதிலும் அடுக்குவதிலும் இறங்கினோம். டாக்டர் தானே ஏணியில் ஏறி விளக்கைத் துடைத்தார். வரவேற்பு மேசையில் உட்காரும் நான் காலாவதியான மருந்து ஏதாவது இருக்கிறதா என்று அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜ் தாள்களைப் புரட்டினாள்.

“ஏண்டி, இங்க வா.”

போன மாதம் அவள் கணவருக்குக் கண் ஆபரேஷன். நாலு நாள் லீவு. அந்த நாலு நாளும் தாளில் எழுதியது நான்.

“என்னடி இது? காலையில அஞ்சு, சாயங்காலம் அஞ்சு. நாலு நாளா அசையவே இல்லையா?”

“அதுதான் காட்டுச்சு அக்கா.”

“எது?”

“கதவுக்கு மேல பச்சையா எரியுதே, அந்த நம்பர்.”

அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “அது நாம செட் பண்ணி வச்ச நம்பர். உள்ள நெருப்பே எரிஞ்சாலும் அஞ்சுன்னுதான் காட்டும்” என்றாள், மெதுவாக.

ஃப்ரிட்ஜுக்குள் தானாகப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்று உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் செருகினோம். இரண்டாம் நாள் மாலையிலிருந்து கோடு ஏறிக்கொண்டே போய், மறுநாள் மதியம் பதினாலைத் தொட்டிருந்தது. எனக்கு நினைவு வந்துவிட்டது. அன்று மாலை வந்த புதுப் பெட்டிகளைத் திணித்து, கதவை இடுப்பால் தள்ளிவிட்டுப் போனேன். மறுநாள் மதியம் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. சாத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த மருந்திலிருந்து பதினோரு பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டிருந்தோம். சூடு பட்ட மருந்து வேலை செய்யுமா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே இரண்டு பேருக்குத் தட்டம்மை.

டாக்டர் நல்லவர்தான். ஆனால் பயந்துபோயிருந்தார்.

“மருந்தை எல்லாம் இப்பவே எடுத்துடுங்க சிஸ்டர். பேரன்ட்ஸ்கிட்ட வியாழக்கிழமை கழிச்சு சொல்லிக்கலாமே? ரெண்டு நாள்தானே.”

“சார், நமக்கு இன்ஸ்பெக்ஷன் இருக்கறது அம்மைக்குத் தெரியுமா?”

அன்றே ஃபோனை எடுத்தேன். ஒரு அம்மா அழுதாள். ஒரு அப்பா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். பத்துப் பேர் வருவதாகச் சொன்னார்கள். பதினோராவது எண் அடித்து அடித்து ஓய்ந்தது.

வியாழக்கிழமை வந்த அதிகாரி அம்மாவின் கையில், அக்கா முதல் காகிதமாக, பதினாலு டிகிரி வரை ஏறிய அந்தக் கோட்டின் பிரதியைக் கொடுத்தாள்.

“இதை நாங்க கேக்கவே இல்லையே?”

“நீங்க தேடிக் கண்டுபிடிக்கற வரைக்கும் என்னால காத்துக்கிட்டு உக்கார முடியாதுங்க.”

“தாள்ல எழுதினது யாரு?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“எழுதினது இவ. எந்த நம்பரைப் பாக்கணும்னு சொல்லிக் குடுக்காம லீவுல போனது நான்” என்றாள் அக்கா.

வாசல் கதவில் ‘மேம்பாடு தேவை’ என்ற தரச் சீட்டை ஒட்டினார்கள். நோயாளிகள் அதைப் படித்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். பத்துப் பிள்ளைகளுக்கும் மறுபடி ஊசி போட்டோம். பதினோராவது வீட்டுக்கு நானும் அக்காவும் நேரில் போனோம். பூட்டியிருந்தது. காலி செய்துகொண்டு போய்விட்டார்களாம், எங்கே என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. சுகாதார அலுவலகத்திலும் சொல்லி வைத்தோம். ஒன்றும் தெரியவரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறு ஆய்வு. இந்தத் தடவை ‘நன்று’. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கதவுக்கு முன்னால் ஃபோட்டோ எடுக்க எல்லோரையும் கூப்பிட்டார். அக்கா என் மேசையருகே ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“வாங்க சிஸ்டர், எல்லாரும் நிக்கறோம்!”

கையைக் காட்டி இருக்கச் சொன்னாள். அதே பதினோராவது எண்; எதிர்முனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. கடைசியில் அதுவாகவே நின்றது.

“ஊசி போட்டாச்சுன்னு நம்ம முத்திரை குத்தி அட்டை குடுத்திருக்கோம்டி,” என்றாள். “எங்க இருந்தாலும் அவங்க அதைத்தான் நம்பிக்கிட்டு இருப்பாங்க.”