மொட்டை மாடிக்கு யார் குரல் கொடுப்பது

அன்று அடித்த சூறைக்காற்று அந்தக் கட்டடத்து மாடிப்படியை அப்படியே பிடுங்கித் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டது. ஒரு மாதம்வரை மேலே ஏறியவர்கள் எல்லாரும் கீழ்வீட்டு அடுப்படியில் போய் நின்றார்கள். சரி, சரி, முறைக்க வேண்டாம். படி இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் காற்று நிஜம். அந்தப் படிக்கு அடியில் ஒரு மனுஷி தனியாகக் குந்தியிருந்ததும் நிஜம்.

இஸ்திரியம்மா என்றால்தான் அவரைத் தெரியும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வந்து குவிகிற சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிற வேலை. நீராவி இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. வீட்டுக்கு வந்தால் பேச ஆளே கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. கதவைத் திறந்தால் வானம். அக்கா மகன் எப்போதாவது போன் செய்து, "சித்தி, பத்திரமா இருங்க" என்பான். இவர் "ம்" என்பதற்குள் வைத்துவிடுவான்.

பத்திரமாகத்தான் இருந்தார். ஆணியில் ஒரு பை தொங்கும். அதில் டார்ச், மாற்று பேட்டரி, தண்ணீர் பாட்டில், விசில், தேய்க்கிற மேசையில் விரித்துப் பழசான கம்பளி. கட்டிலுக்கு அடியில் கனத்த செருப்பு. காற்று போன பிறகு தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு அல்லவா!

எச்சரிக்கைச் சங்கு ஊதினால் கட்டடமே கீழ்த்தளத்து மீட்டர் அறைக்குள் போய்விட வேண்டும். ஜன்னல் இல்லாத, நாலு பக்கமும் சுவருக்குள் சுவர் வைத்த அறை. வாசலில் கீழ்வீட்டு டெய்லர் கழுத்தில் டேப்போடு நின்று கூவுவார்.

"முதல் மாடி?"

அந்த மாடிக்காரர்கள் தங்களுக்குள் தலையை எண்ணிக்கொண்டு ஒரே குரலில், "வந்தாச்சு!" என்பார்கள். அப்படியே இரண்டாவது, மூன்றாவது. பிறகு தாழ்ப்பாள். அதற்கப்புறம் யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்பது டெய்லர் போட்ட சட்டம். "காத்தும் மாமியார் மாதிரிதான், கதவைத் தட்டும். தொறந்தோம்னா உள்ள வந்து உட்கார்ந்துக்கும்" என்பார்.

மொட்டை மாடி ஒரு மாடியா என்ன? அதை யாரும் கூப்பிடுவதில்லை. இஸ்திரியம்மா மூன்றாம் மாடிக் கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நுழைவார். அவர்கள் "வந்தாச்சு" என்கையில் இவரும் உதட்டை அசைத்துக்கொள்வார். ஒருமுறை துணிந்து டெய்லர் கடைக்கே போனார்.

"தம்பி, வந்து... நம்ம மொட்டை மாடி..."

"என்னம்மா, பை தைக்கணுமா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டார். ஆணியில் தொங்குவது அந்தப் பைதான்.

சங்கு ஊதிய அந்தப் பிற்பகல், செருப்பை மாட்டிக்கொண்டு பையோடு கதவைத் திறந்தார். தொட்டியின் மேல் மூடியிருந்த தகரம் ஒரு மூலை கழன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அது பறந்தால் யார் தலையைச் சீவும் என்று சொல்ல முடியாது. துணிக்கொடியை அவிழ்த்து, தகரத்தைத் தொட்டியோடு இழுத்துக் கட்டி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டுவிட்டு இறங்கினார்.

பாதிப் படியிலேயே கேட்டது. "மூணாம் மாடி?" "வந்தாச்சு!" தாழ்ப்பாள் விழுந்த சத்தமும் கேட்டது.

ஓடிப்போய்த் தட்டினார்.

"யாரோ தட்றாங்க போலிருக்கே, அண்ணே" என்று உள்ளே மூன்றாம் மாடி மருமகளின் குரல்.

"காத்து, தங்கச்சி. எல்லாரும் உள்ளதான இருக்கோம்?"

"ஆமாண்ணே, எல்லாரும் வந்தாச்சு."

விசிலை எடுத்து ஊதினார். காற்று அவரைவிட நன்றாக ஊதியது.

வாசல் கதவு முழுக்கக் கண்ணாடி. அதன் எதிரில் நிற்கக் கூடாது. படிக்கு அடியில் புகுந்து, கம்பளியை வேலை செய்த கைப்பழக்கத்தில் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தடிமனாக மடித்துத் தலையில் வைத்து, பிடரியைக் கைகளால் மூடி, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். சலவைக்கூடத்து நீராவிக் குழாய்கள் அத்தனையும் ஒன்றாக வெடித்தது போல ஓர் இரைச்சல். கண்ணாடி நொறுங்கிக் கம்பளியின் மேல் கொட்டியது. மழை உள்ளே புகுந்து முதுகை நனைத்தது.

கட்டடம் விழுந்தால் தோண்ட ஆட்கள் வருவார்கள். எல்லாரும் இந்த அறையில்தான் இருந்தோம் என்று இவர்கள் சொல்வார்கள். சத்தியம் செய்தே சொல்வார்கள். படிக்கு அடியில் யார் தேடப்போகிறார்கள்? காற்றைவிட அந்த நினைப்புதான் அவரைக் குளிரவைத்தது.

கட்டடம் விழவில்லை. காற்று ஓய்ந்துவிட்டதென்று ரேடியோ சொன்ன பிறகு கதவு திறந்தது.

"அட, அதுக்குள்ள எப்பம்மா வெளிய வந்தீங்க?" என்றாள் மூன்றாம் மாடி மருமகள்.

"இப்பத்தான்" என்றார் இஸ்திரியம்மா.

அவரவர் ஜன்னலைப் பார்க்க அவரவர் ஓடினார்கள். டெய்லர் மட்டும் நகரவில்லை. ஈரச் சேலையைப் பார்த்தார், கம்பளியில் மின்னிய சில்லுகளைப் பார்த்தார். "நான் கதவுல முதுகைக் குடுத்துல்ல உட்கார்ந்திருந்தேன்..." என்று முனகினார்.

சாயங்காலம் மூச்சு வாங்க மொட்டை மாடிக்கு ஏறி வந்தார். அதுவரை அவர் ஏறியதே இல்லை.

"தட்டினீங்களாம்மா?"

"தட்டினேன், தம்பி."

"காத்துன்னு நெனச்சுட்டேன்."

"காத்தும் தட்டிச்சு."

டெய்லர் தகரத்தின் முடிச்சுகளைத் தடவிக்கொண்டே நின்றார். "ஒருநாளாவது வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். பை தைச்சுக் குடுத்து அனுப்பிட்டீங்க."

அடுத்த முறை சங்கு ஊதியபோது டெய்லர் முதல் குரலே மொட்டை மாடிக்குத்தான் கொடுத்தார், கட்டடமே கைதட்டியது என்று இந்தக் கதையை நான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, அதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்த இஸ்திரியம்மா கையை நீட்டித் தாளை மறைத்தார்.

"யாரும் கைதட்டல. முதல்லயும் கூப்பிடல, கடைசியாத்தான். நான் 'வந்தாச்சு'ன்னு சொல்ற வரைக்கும் தாழ்ப்பாள்ல கையை வைக்கல, அவ்வளவுதான். மாத்தி எழுதுங்க."