பாயில் இருந்து வாசித்த நாடகம்

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு உண்டு. அங்கே வேலைக்குப் போன பெடியன் அங்கேயே கலியாணம் கட்டித் தங்கிவிட்டால் போதும், பெண் வீட்டார் மந்திரம் போட்டுப் பாயில் இருத்திவிட்டார்கள் என்று கதை கட்டிவிடுவார்கள். என் அம்மாவுக்கு அது வேதவாக்கு. நானோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்தில் என்னோடு படித்த மட்டக்களப்புப் பெண்ணொருத்தியை விரும்பித் தொலைத்திருந்தேன்.

உண்மையைச் சொல்லத் துணிவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்தான், கொழும்புத்துறைப் பிள்ளை என்று வீட்டில் புளுகிவிட்டேன். மட்டக்களப்புப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமே என்று, அவளை ‘ஓம்’, ‘இல்லை’ இரண்டோடு நிற்கச் சொல்லியிருந்தேன். “என்ன அடக்கமான பிள்ளை!” என்று அம்மா மெச்சுவார். வாசல் படலையைத் தாண்டியதும் அந்த அடக்கமான பிள்ளை என் முதுகில் குத்துவாள்.

“இன்னும் எத்தின நாளைக்கு நான் ஊமை? இந்த முறையும் சொல்லாட்டி, இனி உங்கட வீட்டுக்கு வரமாட்டன்.”

அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த நாடகமும் இந்தக் கூத்துத்தான். மட்டக்களப்பில் வங்கி வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெடியன், ஊரில் தாய் சீதனம் பேசிக்கொண்டிருக்க, தான் தாயில்லாப் பிள்ளை என்று சொல்லி ஒருத்தியைக் காதலிக்கிறான். கடைசிக் காட்சி மட்டும் எனக்கு எழுத வரவில்லை. எப்படி வரும்?

ஒரு சனிக்கிழமை பின்னேரம், எங்கள் வீட்டு முன்னறையில் பாயை விரித்து, நானும் அவளும் இரண்டு நண்பர்களும் வாசிக்க இருந்தோம். அம்மாவும் முருங்கையிலைச் சுளகோடு வந்து பாயின் ஓரத்தில் சப்பணம் கட்டினார்.

பாயில் ஒட்டவைக்கும் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த காட்சியில் பெண்ணின் தகப்பன் பெடியனை, யாழ்ப்பாணத்தாரைச் சீண்டும் “பனங்கொட்டை சூப்பி” என்ற பட்டத்தால் திட்டினான். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஆரடா உது எழுதினது? எங்களையோ சொல்லுறாங்கள்?”

நான் தாளுக்குள் முகத்தைப் புதைத்தேன்.

பிறகு அவளுடைய முறை. அடக்கித்தான் வாசிக்கச் சொல்லியிருந்தேன். சண்டையால் பாதை அடைபட்டு ஒரு வருடமாக ஊருக்குப் போகாதவள். சொந்தப் பேச்சு வாயில் பட்டதும் எல்லாம் மறந்துபோனாள்.

“மறுகா எப்ப வருவீங்க? தாயில்லாப் பிள்ளை எண்டுதானே என்ட அம்மா உங்களுக்குச் சோறு போட்டவ. பொய் சொல்லியா திண்ட நீங்க?”

அம்மாவின் கை முருங்கையிலையில் நின்றுவிட்டது.

“பிள்ளை, உந்த மட்டக்களப்புப் பேச்சு உனக்கு எப்பிடி இவ்வளவு வடிவாய் வருது?”

அவள் தாளைக் கீழே வைத்தாள். “நான் மட்டக்களப்புத்தான் அம்மா.”

அம்மா என் பக்கம் திரும்பினார்.

“எனக்கே நாடகம் போட்டனியோடா?”

சுளகைத் தள்ளிவிட்டு விறுக்கென்று எழும்பப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சப்பணம் கட்டிய கால் விறைத்துப்போயிருந்தது. பாதி எழும்பித் தொப்பென்று பாயிலேயே விழுந்தார். திரும்பவும் முயன்றார். ஏலவில்லை. பாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“ஐயோ, நான் ஒண்டும் செய்யல்ல அம்மா!” என்று அவள் கத்தினாள்.

முதலில் சிரித்தது அம்மாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவள் பக்கத்தில் நகர்ந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டாள். அம்மா காலை இழுக்கவில்லை.

“சரி, மிச்சத்தை வாசி. அவன் அவளைக் கட்டுறானோ இல்லையோ?”

“கடைசிக் காட்சி இன்னும் எழுதேல்லை அம்மா,” என்றேன்.

“கட்டுறான் எண்டு எழுது,” என்றார் அம்மா. “உந்தப் பனங்கொட்டையை மட்டும் வெட்டிப்போடு.”