செங்கொடியின் கறுப்புக் குழல்

"கலீஜ் கைய எடு சார்! இப்பதான் கய்வி வெச்சிக்கிறேன்" என்று அதட்டிவிட்டு, கை உறை போட்ட கையால் அந்த உலோகக் குழலை விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தார் செங்கொடி. ஒரு சாண் நீளம் இருக்கும். நான் தொடக்கூட இல்லை, விரலைத்தான் நீட்டினேன். அதற்கே மறுபடி முதலிலிருந்து கழுவப் போய்விட்டார். வேடிக்கை பார்க்கப் போய் நல்ல ஆளிடம் மாட்டினேன்!

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனைப் பட்டறைக்கு வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் அவர். டைட்டானியம் பாகங்களைக் கழுவிப் பூச்சுப் பெட்டிக்குள் ஏற்றுவது வேலை. டைட்டானியத்தைக் கடல் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் எதோடாவது உரசினால் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கார்பன் பூச்சு ஒன்றை அதன்மேல் ஏற்றுகிறார்கள். "அடுப்புக் கரின்னு நெனச்சிக்காத சார். இது வைரத்துக்குப் பங்காளி" என்பார் செங்கொடி.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு யாரும் கழுவும் அறைக்குள் நுழைய முடியாது. முதலாளி பிராங்கிளினே வறுத்த மீன் சாப்பிட்ட கையோடு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். செங்கொடி சாமி கும்பிடுகிறவர் இல்லை. ஆனால் கழுவிய பொருளைப் பெட்டிக்குள் வைக்கும் முன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார். "வேலைக்கு ஒரு மருவாத, அவ்ளோதான்."

கடல் தண்ணீர் இறைக்கும் பம்புக்கான குழல்கள் போன மாதம் வந்தன. இரண்டு தடவை ஏற்றியும் பூச்சு உரிந்துவிட்டது. பெட்டிக்குள் விடும் கேஸைக் குறை சொன்னார்கள், கரண்டைக் குறை சொன்னார்கள், காற்றில் வரும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் விடவில்லை. நாகர்கோவில்காரரான பிராங்கிளின் கடைசியில் சொல்லிவிட்டார்: "இனியும் உரிஞ்சுதுன்னா வாடகைக்கு எடுத்த பெட்டியத் திருப்பிக் குடுத்திருவேன், கேட்டியா." பெட்டி போனால் செங்கொடிக்கு அங்கே வேலை இல்லை.

அவர் அப்படிச் சொன்ன அன்று மத்தியானம், உரிந்த குழலைக் கழிவுக் கூடையில் போட எடுத்த செங்கொடி, பழக்க தோஷத்தில் அதையும் கண்ணில் ஒற்றினார். அப்படியே நின்றுவிட்டார். இறக்கினார், மறுபடி ஒற்றினார். பூச்சு உரிந்த இரண்டு திட்டுகளும் சரியாக அவருடைய இரண்டு இமைகளின் மேல் உட்கார்ந்திருந்தன.

"அட எழவே! இது என் மூஞ்சி சார்!"

கழுவிய பிறகு அவர் முகத்து வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிய இடத்தில்தான் பூச்சு பிடிக்கவில்லை. முன்பு வந்த பாகங்கள் இவ்வளவு உரசல் படாதவை, அதனால் குறை வெளியே தெரியவில்லை. நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன், சத்தியமாக. அவர் நேராக முதலாளியிடம் போனார்.

"ணா, உரிஞ்சது என்னாலதான். கண்ல ஒத்திக்கினு உள்ள வெச்சிட்டேன். திட்டணும்னா திட்டிக்கோ. ஆனா இன்னொரு வாட்டி ஏத்த குடு."

பிராங்கிளின் குழலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "ஊரு பூரா தொடாத தொடாதன்னு வெரட்டுனியே தாயி!"

"அதான்ணா பேஜாரா கீது."

அடுத்த குழலை ஏற்றும்போது நான் ஜன்னலோரம் நின்றேன். கழுவினார், துடைத்தார். கை தானாக முகத்தை நோக்கி உயர்ந்தது. பாதியில் நிறுத்தி, "சும்மா இரு" என்று கையை அதட்டிவிட்டுக் குழலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் கன்னங்கரேலென்று வெளியே வந்த குழலை, பூச்சு தாங்குகிறதா என்று சோதிக்க, சொட்டும் உப்புத் தண்ணீரில் எஃகு முள் ஒன்று பகல் முழுக்க உரசிக்கொண்டே இருந்தது. செங்கொடி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கும் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. சாயங்காலம் பிராங்கிளின் குழலைக் கழற்றி லென்ஸில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு திட்டும் இல்லை, ஒரு கீறலும் இல்லை.

"பெட்டி இங்கனயே இருக்கட்டும்" என்று குழலை நீட்டினார்.

செங்கொடி கை உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெறும் கையால் அந்தக் கறுப்புக் குழலை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஆசை தீர ஒற்றிக்கொண்டார்.