அண்ணாச்சியும் நீல விளக்கும்

அம்பாசமுத்திரத்தில் என் வீட்டு மாடியறைதான் எனக்கு அலுவலகம். நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் கம்ப்யூட்டர்கள் திருநெல்வேலியில், ஒரு கம்பெனியின் ஏசி அறையில் இருந்தன. அவற்றுக்குத் துணையாக அங்கே இருந்தவர் ஓர் அண்ணாச்சி. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருப்பார். திருநெல்வேலி வெயிலில் மப்ளர் கட்டிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

ஒரு மெஷின் படுத்துவிட்டால் அவருக்குப் போன் போடுவேன். அதன் திரையைப் பார்த்து, ஃபேன்களின் இரைச்சலை மீறிக் கத்துவார். "கறுப்புல வெள்ளையா என்னமோ ஓடுதுலே. பைய இரு, வாசிக்கேன்." எழுத்தெழுத்தாக வாசிப்பார். எனக்குப் பொறுமை கிடையாது, எரிந்து விழுவேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியதும், காய்ச்சல் விட்ட பிள்ளையைச் சொல்வதுபோல, "எந்திச்சிட்டாம்லே" என்பார்.

பிறகு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர் வந்தது. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் இருக்கும் சின்னக் கருவி அது. சர்வர் படுத்தாலும் அது விழித்திருக்கும். அதன் வழியாக அங்குள்ள திரையை என் வீட்டிலிருந்தே பார்க்கலாம், கீபோர்டு தட்டலாம், நிறுத்தி மறுபடி இயக்கலாம். அதற்கான கேபிள்களைச் செருகியவரே அண்ணாச்சிதான். சரியான மெஷினில்தான் செருகினாரா என்று பார்க்க, 'ஆள் பார்க்கவேண்டிய மெஷின் இதுதான்' என்று காட்டும் அதன் நீல விளக்கை இங்கிருந்து எரியவிடுவேன். "நீலம் பாத்துட்டேன்" என்று அடுத்ததற்கு ஓடுவார். அந்த வேலை முடிந்ததும், இனி அங்கே ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு வயலும் இல்லை, வேறு வேலை தேடும் வயதும் இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

அவருடைய கடைசி நாள் சாயங்காலம், எப்படி வழியனுப்புவது என்று தெரியாமல், எல்லா சர்வர்களிலும் நீல விளக்கை எரியவிட்டேன். பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

உடனே அவரிடமிருந்து போன். மூச்சு வாங்கியது.

"என்னலே, எல்லாத்துலயும் நீலம் எரியுது! எல்லாம் படுத்துட்டா? நான் பஸ்ஸை விட்டுட்டு இங்கனயே இருக்கேன். நாளைக்கும் வாரேன்னு ஆபீஸ்ல சொல்லிருலே."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணும் படுக்கல அண்ணாச்சி. சும்மா… உங்களுக்காகப் போட்டேன்."

ஃபேன் இரைச்சலுக்கிடையே அவர் நாற்காலியைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

"சரிலே, அணைச்சிரு. வேற யாராவது பாத்தா பயந்திருவாங்க."

அங்கே பார்ப்பதற்கு இனி யாரும் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஒவ்வொன்றாக அணைத்தேன்.