டியூட்டியில் இருப்பதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை

சவூதியில், தம்மாமில் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறேன். கல்லூரி விடுமுறைக்கு வரும் மகளை வடக்குப் பாலைவனம் வழியாகத் தபூக் வரை காரில் அழைத்துப்போகத் திட்டமிட்டேன். அதற்குமுன் பாதையைப் பார்த்துவிட ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். வழியில், ஊரிலிருந்து மனைவி அழைத்தாள்.

“லீவு நாள்லயும் டியூட்டியாங்க?”

“ஆமா, ஆபீஸ்லதான் இருக்கேன்.”

பயப்படுவாளே என்று சொன்ன பொய்.

வழியிலுள்ள ரஃப்ஹா என்ற ஊருக்கு முன், கூடாரம் போட இடம் தேடிச் சாலையை விட்டு வெகுதூரம் உள்ளே போனேன். கார் மணலில் புதைந்தது. போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் இரண்டு பாட்டில்தான். மாலைவரை ஓர் ஆள்கூட வரவில்லை. பேச்சுத்துணைக்கு மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது, ஒட்டகம் மேய்க்கும் சூடானியர் ஒருவர் பிக்கப்பில் வந்து, கயிறு கட்டி இழுத்துவிட்டார். “மாஃபி சதீக்?” என்றார். கூட யாரும் இல்லையா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன்.

சிக்னல் கிடைத்ததும் மனைவியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். “உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா, நான் உங்கள ஆபீஸ்லதானேங்க தேடச் சொல்லியிருப்பேன்?” என்றாள்.

இப்போதெல்லாம் எந்த வழியாகப் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று அவளுக்கு அனுப்பிவிட்டுத்தான் காரை எடுக்கிறேன். பயப்படத்தான் செய்கிறாள். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தே பயப்படட்டும்.